வீட்டுச் சுவரில் பூசணம் – உடல் நலனுக்குக் கேடா?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், செங்கற்பட்டு மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளில் உள்ள வீடுகளில் ஈரம் எளிதில் காய்வதில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் பெருவெள்ளத்தின்போது ஊரப்பாக்கம், முடிச்சூர் பகுதிகளில் வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. இவ்வாறு நனைந்த சுவர்களிலும், பாய், தலையணை, சாக்கு முதலியவற்றிலும் கருப்பாகவும் பச்சையாகவும் பூசணம் பூப்பதை உழவர் பெருமக்கள் அறிவர்.

"சுண்ணாம்பு அடித்தால் போய்விடும், இதனால் என்ன கேடு?" என்பார் சிலர். "இது உயிருக்கே ஆபத்து" என்று அஞ்சுவார் சிலர். இவற்றுள் எது சரி?

மருத்துவ அறிஞர்களின் கருத்து

இக்கருத்து வேறுபாடு அறிஞர்களிடையேயும் உண்டு. 1993-94ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. ஈர வீடுகளில் வளரும் ஸ்டாக்கிபாட்ரிஸ் என்னும் கரும்பூசணமே காரணம் என்று முதலில் கருதப்பட்டது. 2000ஆம் ஆண்டில் மறு ஆய்வு செய்தபோது, அதற்குப் போதிய சான்று இல்லை என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. சுவர்ப் பூசணத்தின் நஞ்சு காற்றின் வழியே பரவி ஞாபக மறதி, தீராத அசதி போன்றவற்றை உண்டாக்கும் என்ற கூற்றும் இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை.

ஆனால், கேடே இல்லை என்பதும் தவறாகும். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு இருமல், இழுப்பு, மூக்கடைப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதை 2004ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழகமும், 2009ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டுள்ளன. குழந்தைகளும், ஆஸ்துமா உள்ளவர்களும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

2021ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் பலரைத் தாக்கிய "கருப்புப் பூஞ்சை" நோய் வேறு. அதை உண்டாக்கும் மியூக்கர் வகைப் பூசணங்கள் மண்ணிலும் அழுகும் பொருள்களிலும் வாழ்பவை. கட்டுப்படாத நீரிழிவு உள்ளோரையே அது பெரும்பாலும் தாக்கியது. சுவரில் கருப்பாகத் தெரிவதெல்லாம் அந்நோயின் வித்து அன்று.

உழவருக்குரிய ஆபத்து

சுவரைப் பற்றி வாதிடும் நாம், அதே சுவரில் சாய்த்து வைத்த மூட்டையை மறந்துவிடுகிறோம். மழைக்கு முன் அறுவடையான சொர்ணவாரி நெல்லும், நிலக்கடலையும் ஈரச் சுவரை ஒட்டி அடுக்கப்பட்டால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாறு ஈரமேறிய தானியத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூசணம் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடும். இந்நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடே இல்லை. 1974ஆம் ஆண்டில் இராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களில் 397 பேர் நோயுற்றனர். 106 பேர் மாண்டனர். வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்நஞ்சு முழுமையாக அழிவதில்லை. மாட்டுக்குப் போட்டாலோ, பாலிலும் கலந்து வருகிறது.

அடுத்தது வைக்கோல். ஈரத்துடன் போர் போட்டுச் சூடேறிய வைக்கோலில் பூசணம் போன்ற நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அதைப் பிரிக்கும்போது எழும் தூசியைச் சுவாசித்தால், சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், இருமல், மூச்சுத் திணறல் தோன்றலாம். இதற்கு "உழவர் நுரையீரல்" என்று பெயர். திரும்பத் திரும்ப நேர்ந்தால் நுரையீரல் நிரந்தரமாகக் கெடும்.

செய்ய வேண்டியவை

1. ஈரத்தின் மூலத்தை முதலில் நிறுத்த வேண்டும். ஓட்டு ஒழுக்கு, சுவர் வெடிப்பு, வாசலில் தேங்கும் நீர் ஆகியவற்றைச் சரி செய்யாமல் சுண்ணாம்பு அடிப்பதால் பயனில்லை.

2. நனைந்த பொருள்களை இரண்டு நாட்களுக்குள் உலர்த்திவிட்டால் பூசணம் வளராது. வெயில் வரும் நேரத்தில் சன்னல்களைத் திறந்து வைக்கவும்.

3. பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டக்கூடாது. வித்துக்கள் காற்றில் பறக்கும். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, சுவர் நன்கு காய்ந்தபின் வெள்ளையடிக்கவும். ஆஸ்துமா உள்ளவர்கள் இவ்வேலையைச் செய்ய வேண்டாம். பூசணம் ஊறிய பாய், தலையணைகளை அப்புறப்படுத்தவும்.

4. நெல்லை 12 முதல் 13 விழுக்காடு ஈரப்பதம் வரையிலும், நிலக்கடலைக் காயை 8 விழுக்காடு வரையிலும் காயவைத்து, பலகைகளின் மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்கவும். பூசணம் பிடித்த தானியத்தையும் பிண்ணாக்கையும் கால்நடைக்கோ கோழிக்கோ கொடுக்கக்கூடாது.

5. வைக்கோலை நன்கு காயவைத்து, மேடான இடத்தில் போர் போடவும். பிரிக்கும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கவும்.

மழை நாட்களில் இழுப்போ, விடாத இருமலோ வந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் வீட்டின் ஈரத்தையும் வைக்கோல் வேலையையும் தவறாமல் கூற வேண்டும். சுவர்ப் பூசணத்தைக் கண்டு நடுங்கவும் வேண்டாம். அலட்சியம் செய்யவும் வேண்டாம். வீட்டையும் விளைபொருளையும் உலர்வாக வைத்திருப்பதே உழவர் குடும்பத்துக்குத் தக்க பாதுகாப்பாகும்.