உங்களுக்குத் தெரியுமா? – முழங்காலிடம் கடன் வாங்கும் கணுக்கால்

கணுக்கால் மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் தாலஸ் எலும்பில் ஒரு தசைகூட ஒட்டியிருப்பதில்லை. அதன் மேற்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் வழவழப்பான குருத்தெலும்பு. ரத்தக்குழாய் நுழைய மிச்சமிருப்பது கொஞ்ச இடம்தான். கால் பிசகி எலும்பும் குருத்தும் சேர்ந்து பெயர்ந்துவிட்டால் லேசில் ஆறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்டின் இதே எலும்பைத்தான் பழங்கால கிரேக்கர்களும் ரோமானியர்களும் தாயக்கட்டையாக உருட்டினார்கள்!

குருத்தெலும்பு அழிந்தால் மீண்டு வராது என்று லண்டனில் வில்லியம் ஹன்டர் 1743-லேயே எழுதிவிட்டார். அதில் ரத்த ஓட்டமே கிடையாது. அப்புறம் எங்கிருந்து ஆறும்?

ஆறாவிட்டால் என்ன, ஒட்டுப் போடலாமே? ஹங்கேரியின் லாஸ்லோ ஹாங்கோடி 1992-இல் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கிய முறை மொசைக்பிளாஸ்டி. முழங்காலில் பாரம் அதிகம் விழாத ஓரத்தில் குழாய் போன்ற கருவியைத் தட்டி இறக்கி, சாக்பீஸைவிட ஒல்லியான உருளைகளை எடுக்கிறார்கள். அடியில் எலும்பு, தலையில் குருத்துத் தொப்பி. தாலஸில் பழுதான பகுதியைச் சுரண்டிவிட்டு, அங்கே துளை போட்டு, இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் இறக்குகிறார்கள். தரையில் டைல்ஸ் பதிக்கிற மாதிரிதான். ஒன்று துருத்தி நின்றாலும் அதன் தலையில்தான் பாரம் விழும்.

அதைவிட வியப்பு, உள்ளே போகும் வழி. பழுது உட்பக்கம் ஆழத்தில் இருந்தால், கணுக்காலின் உட்புறம் புடைத்திருக்கும் நல்ல எலும்பையே வெட்டிக் கதவுபோலத் திறக்க வேண்டும். வெட்டும் முன்பே ஸ்க்ரூவுக்குத் துளை போட்டுவைத்துக்கொள்வார்கள். வேலை முடிந்து மூடும்போது இம்மி பிசகாமல் பொருந்த வேண்டுமே! தேர்ந்த தச்சர் செய்கிற காரியம். வெட்டிய எலும்பு கூடும்வரை சில வாரங்களுக்குக் காலை ஊன்றக் கூடாது.

கணுக்கால் தேறியும், கடன் கொடுத்த முழங்கால் வலிக்கிறது என்று சிலர் திரும்பி வருவதுண்டு.

பள்ளம் பெரிதென்றால் முழங்காலின் கையிருப்பு போதாது. இறந்தவர் தானமாகத் தந்த தாலஸிலிருந்து அதே இடத்து வளைவைச் செதுக்கி வைப்பார்கள். உறையவைத்தால் குருத்துச் செல்கள் செத்துவிடும். அதனால் குளிரில் வைத்து, சில வாரங்களுக்குள் பொருத்திவிட வேண்டும். ஆனால் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்போல எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையை ஆயுளுக்கும் விழுங்க வேண்டியதில்லை. குருத்துக்கு ரத்தக்குழாய் இல்லாததால் கிடைக்கும் லாபம் அது.