அகலம் வேண்டாம், விசிறியைப் பாருங்கள்

ஒன்ராறியோவில் ஒரேஞ்ச்வில் பக்கம் காணி வாங்கிக் குடியேறும் நம்மவர்கள் நவம்பர் பிறந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, ஸ்னோ புளோவர் எத்தனை அடியில எடுக்கலாம்?" பெரிதாக எடுத்தால் வேலை கெதியாக முடியும் என்ற எண்ணம். "தம்பி, முதல்ல உங்கட டிராக்டரின்ர பின்சில்லு ரெண்டையும் வெளிப்பக்கத்தால அளந்துகொண்டு வாங்கோ" என்பேன்.

நாலரை அடி வந்தால் ஐந்தடி மெஷின் போதும். சில்லுத் தடத்தை இரு பக்கமும் கொஞ்சம் தாண்டினால் சரி. அதற்குமேல் அகலம் சின்ன டிராக்டருக்குச் சுமை. எஞ்சின் 25 குதிரைவலு என்றாலும், பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்துசேர்வது 20க்குக் கிட்டத்தான். அதில் பெரும்பங்கைத் தின்பது பனியை நடுவுக்கு இழுக்கும் திருகு அல்ல, அதற்குப் பின்னால் நின்று குழாய் வழியே பனியைத் தூக்கி எறியும் விசிறி. அகலம் கூடினால் விசிறிக்குள் வந்து விழும் பனியும் கூடும், எஞ்சின் திணறும், ஊர்ந்து ஊர்ந்து போகவேண்டி வரும். கூடுதல் காசு கொடுப்பதென்றால் விட்டம் பெரிய, தடித்த தகட்டில் செய்த விசிறிக்குக் கொடுங்கள். மார்ச் மாதத்து ஈரப்பனியில் அதன் அருமை தெரியும்.

விசிறியால் பனியை எறியும் யோசனையில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. ரொறன்ரோ பல்வைத்தியர் ஜே. டபிள்யூ. எலியட் 1869இல் ரயில்பாதைக்கென்று இப்படியொரு மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். அதை மேலும் வளர்த்தெடுத்த ஒரேஞ்ச் ஜல் ஒரேஞ்ச்வில்காரர்.

முன்னுக்குப் பூட்டும் மெஷினும் கிடைக்கிறது. கழுத்துக்கு அது சுகம். ஆனால் லோடர் வாளியைக் கழற்றவேண்டும், வலுவை முன்னே கொண்டுபோகத் தனிச் சட்டம் வேண்டும், விலையும் கூட. நான் பின்னுக்குப் பூட்டுவதையே சொல்வேன். வீதியைத் துப்புரவாக்கும் வண்டி நம் வாசலில் ஒரு வரப்புத் தள்ளிவிட்டுப் போகும். உப்பும் பனியும் கலந்த அந்த வரப்பு ஒரே இரவில் கல்லாக இறுகிவிடும். அதை உடைக்க லோடர் வாளி முன்னால் இருக்கவேண்டும். பின்னால் தொங்கும் 200, 300 கிலோ எடையும் பின்சில்லுகளை நிலத்தில் அழுத்திப் பிடிக்கும். அவ்வளவையும் உங்கள் டிராக்டரின் மூன்று புள்ளி இணைப்பு தூக்குமா என்பதை மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னுக்குப் பூட்டினால் பின்னோக்கி ஓட்டவேண்டும்; அது கஷ்டம்தான். உடம்பைத் திருப்பிக்கொண்டு, ஒரு கை ஸ்டியரிங்கில் வைத்தபடி, மற்றக் கையால் குழாயின் திசையைக் கைப்பிடி சுற்றி மாற்றுவது முதுகை முறிக்கும். ஹைட்ராலிக்கில் திரும்பும் குழாய்க்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். ஹைட்ரோஸ்டாட்டிக் டிராக்டர் இன்னும் நல்லது. விசிறிக்கு வேண்டிய நிமிடத்துக்கு 540 சுற்று குறையாமலே, டிராக்டரை எவ்வளவு மெதுவாகவும் நகர்த்தலாம். கியர் வண்டியென்றால், கிளட்சை மிதித்து வண்டியை நிறுத்தும்போது பி.டி.ஓ.வும் கூடவே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், பாதியில் பனி குழாய்க்குள் அடைத்துக்கொள்ளும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, பி.டி.ஓ. ஷாஃப்டை அளப்பது. எஞ்சினை நிறுத்திவிட்டு மெஷினை மேலே தூக்கி ஒருமுறை, கீழே இறக்கி ஒருமுறை பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய்களும் எந்த இடத்திலும் முட்டி இறுகக்கூடாது. முட்டினால் கியர்பெட்டி உடையும். நீளமென்றால் இரண்டையும் சம அளவு அறுத்து, பிசிர் தேய்த்து, கிரீஸ் பூசுங்கள்.

பிறகு ஷியர் போல்ட். பனிக்குள் புதைந்த விறகுத்துண்டோ உறைந்த பத்திரிகைக் கட்டோ திருகில் சிக்கினால், டக்கென்று அறுந்து மற்றதையெல்லாம் காப்பாற்றும் சின்ன போல்ட் அது. கம்பனி சொன்ன தரத்திலேயே வாங்கி, நாலைந்தை டிராக்டரில் வைத்திருங்கள். அடிக்கடி அறுகிறதே என்று கடினமான போல்ட் போட்டால் அடுத்து உடைவது கியர்பெட்டிதான்.

குழாய் அடைத்தால் தயவுசெய்து கையை விடாதீர்கள். விரல் போன கதைகள் இந்த நாட்டில் நிறைய. பி.டி.ஓ.வை அணைத்தாலும் விசிறி சற்று நேரம் சுழலும். எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டு, விசிறி அசையாமல் நின்றபிறகு தடியால் குத்தி எடுங்கள்.

பழைய மெஷின் பார்க்கப் போகிறவர்கள் விசிறியை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் பேரிங் போய்விட்டது. கியர்பெட்டியின் அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். அடித்தகடு தேய்ந்திருந்தால் பயமில்லை; போல்டைக் கழற்றிப் புதிது மாட்டலாம், அதைச் சொல்லி விலையையும் குறைக்கலாம்.