மாப்பிள்ளைக்கு மில்லிலே வேலை!

அதிகாலையில் மில் சங்கு ஊதும். அதைக் கேட்டுத்தான் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் அடுப்பு மூட்டுவார்கள். தூக்குப்போசியுடன் தொழிலாளர்கள் சாரி சாரியாகக் கிளம்புவார்கள்.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"மில்லிலே. நிரந்தரம்!"

பிறகு என்ன? பெண் வீட்டார் வெற்றிலை பாக்கு மாற்றிவிடுவார்கள். கோயமுத்தூரில் அப்படியும் ஒரு காலம் இருந்தது.

சங்கு ஊதிய கதை

1888ம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை இங்கே பஞ்சாலை தொடங்கினார். 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது. ஆலைகள் மளமளவென்று பெருகின.

தொழிலாளியின் மதிப்பு சும்மா வந்துவிடவில்லை. சங்கம் வைத்துப் போராடினார்கள். அந்தப் போராட்ட காலத்தில், 1946 ஜனவரி 8ந் தேதி, சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

நாளடைவில் பழைய ஆலைகள் பல மூடப்பட்டன. சங்குச் சத்தம் ஓய்ந்தது.

கல்யாணத்துக்காக ஒரு வேலை

பின்னர் நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" வந்தது. ஏழை வீட்டுப் பெண்கள் மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் ஒரு தொகை தருவார்கள். அது கல்யாணச் செலவுக்கு! இடையில் நின்றவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை.

காலம் செய்த கோலத்தைப் பாருங்கள்! மில் வேலை இருந்ததால் அன்று மாப்பிள்ளைக்குப் பெண் கிடைத்தது. பிற்காலத்தில், மாப்பிள்ளை கிடைக்கவேண்டும் என்று பெண் மில்லுக்குப் போனாள்.

கடல் கடந்த எஜமான்

இப்போது கூட்டம் திருப்பூரில். ஒரு நாட்டிலிருந்து இவ்வளவு துணிதான் வாங்கலாம் என்று மேல்நாடுகள் வைத்திருந்த அளவுக் கட்டுப்பாடு 2005 ஜனவரி 1ந் தேதி நீங்கியது. பனியன் ஏற்றுமதிக்கு வழி திறந்தது, போட்டியும் வந்தது. வங்காளதேசத்தில் விலை மலிவு என்றால், ஆர்டர் அங்கே போய்விடும்.

பலருக்கு இங்கே "பீஸ் ரேட்". தைத்த உருப்படிக்குத் தகுந்த கூலி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். 2020ல் கொரோனா ஊரடங்கின்போது அவர்கள் ரயில் ஏறிப் போனார்கள். திரும்பத் திறந்த கம்பெனிகள் ஆள் இல்லாமல் திண்டாடின. அந்தக் கைகளின் அருமை அப்போது தெரிந்தது.

2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்து, திருப்பூர்த் தையல்காரரின் சோற்றுப் பானையைத் தொட்டது.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"பனியன் கம்பெனியில் டைலர்."

"நிரந்தரமா?"

பதில் சொல்ல வேண்டியவர் இந்த ஊரில் இல்லை. அடுத்த ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு, கடலுக்கு அப்பால் அவர் விலை பேசிக்கொண்டிருக்கிறார்.