ராஜராஜன் காசும் புளியும்

சிதம்பரம், கடலூர் பக்கத்து வீடுகளில் பூஜை அறை டப்பாவிலோ பரணிலோ பழைய காசு ஒன்றிரண்டு கிடக்கும். கையில் எடுத்தவுடன் புளி போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செம்பின்மேல் பல நூறு ஆண்டுகளில் படிந்த பழுப்பும் கரும்பச்சையும் அழுக்கு அல்ல. காசைக் காக்கும் தோல் அது. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பவர்கள் பாதி விலைக்குக்கூட வாங்கத் தயங்குவார்கள். வெளிர்பச்சையாக மாவுபோல் உதிர்ந்தால் மட்டும் கவலைப்படலாம்; அது உலோகத்தை அரிக்கும் நோய். அந்தக் காசை ஈரம் படாமல் தனியே வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இந்த வட்டாரத்தில் அதிகம் பேசப்படுவது ராஜராஜ சோழன் செப்புக்காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீராஜராஜ'. எடை நான்கு கிராமை ஒட்டி இருக்கும். பெயரை அவசியம் படித்துப் பாருங்கள். இதே அமைப்பில் இலங்கை அரசர் பராக்கிரமபாகுவும் அரசி லீலாவதியும் பின்னாளில் காசு அடித்தார்கள். உருவத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? அசல் காசு, அச்சின் நடுவே செம்பு வில்லையை வைத்துச் சுத்தியலால் அடித்தது. அதனால் வட்டம் கோணலாக இருக்கும், உருவம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், ஓரத்தில் வெடிப்புகூட இருக்கலாம். இவை குறைகள் அல்ல. போலி பெரும்பாலும் வார்ப்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் காற்றுக்குமிழித் துளைகள் தெரியும். எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். ஓரத்தைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். வியாபாரி இரண்டு காசு காட்டி, இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். கையால் அடித்த காசில் அப்படி அமையாது.

பரங்கிப்பேட்டை வரகனுக்குத் தராசே போதும். போர்ட்டோநோவோ பகோடா என்று நாணயப் புத்தகங்களில் வரும் இந்தத் தங்கக்காசில் ஒரு பக்கம் விஷ்ணு, மறுபக்கம் முழுக்கப் புள்ளிகள். எடை சுமார் 3.4 கிராம். பித்தளையில் அதே அளவில் செய்து முலாம் பூசினால் எடை ஏறக்குறைய பாதிதான் வரும். விக்டோரியா வெள்ளி ரூபாய்க்கும் எடை முக்கியம்: 11.66 கிராம். தேய்ந்திருந்தால் சற்றுக் குறையலாம், கூடக் கூடாது.

இனி விலை. வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயிரம் ஆண்டு கடந்த ராஜராஜன் காசு, ஏராளமாக அடிக்கப்பட்டதால், தேய்ந்த நிலையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. சென்னை மாகாணத்துக்காக பர்மிங்ஹாமில் 1808-இல் அடித்த 10 காசு, 20 காசு நாணயங்களின் கதை இன்னும் சுவையானது. அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே, குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அவற்றை லட்சக்கணக்கில் மேலே கொண்டுவந்தார்கள். யார் கையிலும் புழங்காததால் பல காசுகளில் எழுத்து தேயவே இல்லை. ஆனால் அவ்வளவு காசு ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்ததால், நல்ல நிலையிலும் விலை ஏறவில்லை. எத்தனை மிச்சம் இருக்கிறது, எவ்வளவு தெளிவாக இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் விலையை முடிவு செய்கின்றன.

ராமர், சீதை, லட்சுமணன், அனுமன் உருவத்துடன் '1818 அரை அணா' என்று கிழக்கிந்தியக் கம்பெனி பெயரில் சுற்றும் காசைக் கோடிக்கு விற்பதாகச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. பழைய காசை லட்சங்களுக்கு வாங்குகிறோம், முதலில் வரியும் கமிஷனும் கட்டுங்கள் என்று தன் பெயரில் நடக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

தென்பெண்ணை மணலிலோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ புதையலாகக் காசு கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. வெளிநாட்டு உறவினர் ஆசையாகக் கேட்டாலும் கொடுத்தனுப்பாதீர்கள்.