மச்சு வீட்டைக் கொல்லும் சிமெண்டு பூச்சு!

பூந்தமல்லி,
மாடி ஒழுகுகிறதா? "தளத்து மேலே சிமெண்டு போட்டா சரியாயிடும்" என்பார் கொத்தனார். போட்டால், 19-ம் நூற்றாண்டு வீட்டின் ஆயுசு அன்றிலிருந்தே குறையும்!

வெள்ளைக்காரப் பட்டாளம் முகாமிட்டிருந்த ஊர் பூந்தமல்லி. கண்டோன்மெண்ட் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்தில் சென்னையிலும் சுற்று ஊர்களிலும் வசதியானவர்கள் கட்டிய மாடிக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர். கம்பி கிடையாது. சிமெண்டும் கிடையாது.

கடுக்காய்த் தண்ணீர்

தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போடுவார்கள். அதன்மேல் 1 அங்குல மொத்தமுள்ள சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், கோணலாக நிறுத்திச் சுண்ணாம்பில் பூட்டுவார்கள். அடியில் சென்ட்ரிங் பலகை கிடையாது! பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு.

சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும். வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. உள்ளே மாட்டிய ஈரம், சுவருக்குள் புதைந்த உத்தர நுனிக்குப் போகிறது. நுனி உளுத்தால் ஒருநாள் தளமே இறங்கிவிடும். கீழே படுத்திருப்பவர் கதி?

அப்புறம் "அபாயக் கட்டிடம்" என்று இடிக்கிறார்கள். தேக்கு மட்டும் பழைய மரக்கடையில் நல்ல விலைக்குப் போகிறது!

பழைய கட்டிடங்களைக் காக்க 2012-ல் சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. தெருக்கோடி மச்சு வீட்டை யார் வந்து பார்ப்பது?

விரிசலைச் சுண்ணாம்பாலேயே அடைக்க வேண்டும். மழைக்கு முன்னால் உத்தர நுனியைத் தட்டிப் பார்க்கலாம். உள்ளே பொள்ளலாக இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.