குளக்கரையில் ஒரு வகுப்பு

செஞ்சிக்கோட்டையின் செட்டிகுளமும் சக்கரகுளமும் வரலாற்று மாணவருக்கு மட்டும் உரியவை அல்ல. பெய்யும் மழையில் எவ்வளவு, எத்தனை நேரத்தில் அவற்றுக்கு நீராக ஓடிவரும் என்பது பொறியியல் கேள்வி. கரூர்ப் பகுதியில் பிறந்த வா.செ. குழந்தைசாமி, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இதையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1988இல் 'வாழும் வள்ளுவம்' நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். இலக்கிய நாட்டம் பொறியாளரின் ஆழத்தைக் குறைக்கும் என்று சிலர் அஞ்சுவார்கள். ஆனால் நீரியல் அறிஞர் வென் டீ சௌவுடன் இணைந்து 1971இல் அவர் வெளியிட்ட பொது நீரியல் மாதிரி, பாடநூல்களிலேயே இடம்பெற்றது. பொறியியல் மாணவரைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்லாததற்குப் பாடத்திட்டத்தில் நேரமில்லை என்பதும் சரியான காரணமாகாது. நீரியலை எப்படியும் நடத்தத்தானே வேண்டும்? அதில் ஒரு வகுப்பைச் செஞ்சிக் குளக்கரையில், அளவு நாடாவோடு நடத்தலாம்.