உங்களுக்குத் தெரியுமா? ஜொகூரும் பூட்டிய பள்ளிகளும்!

மலேசியாவின் முதல் 3 கோவிட்-19 நோயாளிகள் எந்த வாசல் வழியாக நாட்டுக்குள் வந்தார்கள்? சிங்கப்பூரிலிருந்து நேரே ஜொகூருக்கு! அறிவிப்பு வெளியான நாள் 2020 ஜனவரி 25!

2020 மார்ச் 12, வியாழன். ஒரு வார விடுமுறைதானே என்று ஜொகூர்ப் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். நான்காம் ஆண்டு வரை படித்த வாண்டுகள் மறுபடி வகுப்பில் உட்கார்ந்தது ஜூலை 22-இல். கூட்டிப் பாருங்கள்: 131 நாள்!

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டு நாடு முழுக்கப் பள்ளிகளை மூடிய அப்போதைய பிரதமர் முஹிடின் யாசின் யார்? மூவாரில் பிறந்தவர். ஜொகூரின் முன்னாள் மந்திரி புசார். அதுமட்டுமா? 2009 முதல் 2015 வரை கல்வி அமைச்சரே அவர்தான்!

அவர் கல்வி அமைச்சராக இருந்தபோதே சொந்த ஊரில் பள்ளிகள் மூடப்பட்டன! 2013 ஜூன் புகைமூட்டம். காற்று மாசுக் குறியீடு 300-ஐத் தாண்டினாலே ஆபத்து. மூவாரில் எவ்வளவு தெரியுமா? 746!

கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் பாசிர் கூடாங்கில் ஒரே உத்தரவில் 111 பள்ளிகளுக்குப் பூட்டு! உத்தரவிட்ட அப்போதைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக்கும் அன்று ஜொகூர் நாடாளுமன்ற உறுப்பினர்தான். நாள் 2019 மார்ச் 13. சரியாக அடுத்த ஆண்டு அதே தேதியில்தான் அந்த 131 நாள் கணக்கு தொடங்கியது!

ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். இந்தக் கரையில் பள்ளிகள் மூடிக் கிடக்க, அந்தக் கரையில் சிங்கப்பூர் 2020 மார்ச் 23-இல் பள்ளிகளைத் திறந்தது! ஏப்ரல் 8-இல் அங்கேயும் வீட்டுப் பாடம். ஜூன் 2-இல் மறுபடி மணி அடித்துவிட்டது!

2003 சார்ஸ் காலத்தில் பள்ளிகளை மூடித் திறந்த சிங்கப்பூர், மாணவர்களுக்குக் கொடுத்த பரிசு என்ன? ஆளுக்கொரு வெப்பமானி!

மலேசியாவில் பள்ளிக்கூடம் தொலைக்காட்சிக்குள்ளும் புகுந்தது! 2021 பிப்ரவரி 17-இல் வந்த டிடிக் டிவி, காலை 7 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை ஓடியது. நாளுக்கு 17 மணி நேரம்!

1918 பெருந்தொற்றில் நியூயார்க் பள்ளிகளை மூடவே இல்லை! வகுப்புக்கு வந்த பிள்ளைகள் கிட்டத்தட்ட 10 லட்சம்! 2020-இல் உலகம் முழுக்க வகுப்பை இழந்தவர்களோ சுமார் 160 கோடி!

1988 முதல் மலேசியாவின் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை நடுங்கவைத்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2020-இல் ரத்து. 2021-இல் ஒரேயடியாக ஒழிப்பு! 2019-இல் எழுதியவர்களே கடைசி அணி. மொத்தம் 32 ஆண்டுத் தேர்வு, அத்தோடு சரி!